குழாயடிக்கு வந்த பிரபு

அறுபதுகளில் பம்பாய் தாராவியிலிருந்து கோட்டைப் பகுதிக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் பிரெஞ்சு வகுப்பு. மாட்டுங்கா பழைய பேப்பர் கடையில் தோல் அட்டை போட்ட பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அரசவைப் பிரபு ஒருவரின் அரசியல் நினைவுகள். வகுப்பு ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, மிக அரிய பழைய பதிப்பு என்றார். பல தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. வெட்டினால் மதிப்புப் போய்விடுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. யாரும் படிக்கக் கூடாது என்றா அந்த மனிதர் எழுதினார்? ஆபீஸில் கடித உறை கிழிக்கும் கத்தியால் தாள்களைப் பிரித்தேன்.

அகராதியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதில் விஷயம் புரிந்தது. அரசவை வரிசையில் இன்னொருவன் தன்னை முந்திவிட்டான் என்று பிரபு பக்கம் பக்கமாகப் பொருமியிருந்தார்.

மறுநாள் காலை தண்ணீருக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைச் சொன்னேன். வரிசை மொத்தமும் காது கொடுத்தது.

"முந்துனவன் எப்பம் வந்தானாம்?" என்றாள் அக்கா.

"பொறவுதான் வந்தான். ராசா மவன்னு விட்டுட்டாவ."

"யாரு மவனா இருந்தா என்னட்டி? அவன் நம்பரு வரைக்கும் நிக்கணும்லா! அந்த மனுசன் சொல்லுததுதான் நியாயம். எழுதிப் போடு."

"அவரு செத்து இருநூறு வருசம் ஆச்சுக்கா."

"அதுக்காவ நியாயம் மாறிருமா?"

அன்று மாலை அந்த அரிய பதிப்பின் ஓரத்தில் அக்காவின் தீர்ப்பைத் தமிழில் எழுதினேன். பேனாவால்தான்.