தேதிக்கு ஆறு நாள் முன்னால்

முதலில் போனது என் அதட்டல்தான். பாளையம்பட்டி அருகே ஒரு லாரி எடைமேடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். "முன்னால வா, நிறுத்து, எறங்கு" என்று டிரைவர்களைப் பார்த்துக் கத்துவதுதான் என் தொழிலில் பாதி. ஒருநாள் காலையில் கத்தினேன், வெறும் காற்று வந்தது. டிரைவர் சிரித்தான், நானும் சிரித்தேன். தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று மிளகுப்பால் குடித்துக்கொண்டே மூன்று மாதத்தை ஓட்டிவிட்டேன்.

பிறகு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. பயாப்சி (சதையில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று. லாரிங்கெக்டமி (குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும், அதன்பின் கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு விடுவீர்கள் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார்.

என் மனைவி செல்வி ஒன்றைத்தான் கேட்டாள். "எப்ப சார்?"

"உங்களுக்கு முன்னால நிறைய பேர் இருக்காங்கம்மா. தேதி போட்டுத் தர்றோம்."

நாற்பத்தேழாவது நாளுக்குத் தேதி கிடைத்தது. உள்ளே வளர்வது அதுவரை சும்மா இருக்குமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதே பெஞ்சில், அதே நோயோடு, அதே நாளில் பதிந்தவர் கருப்பையா. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அவர் கரி ஏற்றிய லாரிகளை நான் எத்தனையோ முறை எடை போட்டிருக்கிறேன், ஆளை அன்றுதான் பார்த்தேன். அவருடைய தேதி என்னுடையதற்கு ஆறு நாள் முன்னால். "பந்திக்கு முந்திட்டீரு" என்றேன். "எல போட்டாச்சு அண்ணாச்சி, சோறுதான் வரல" என்றார். காரியாபட்டி தாண்டும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அதன்பின் வாரம் இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு கரகரத்த தொண்டைகள். "பஞ்சரான டயரு ரெண்டு பேசிக்கிற மாதிரியிருக்கு" என்பாள் செல்வி. எனக்கு அது பெரிய தெம்பு. இந்த நோயில் பயத்தை வீட்டாரிடம் சொல்ல முடிவதில்லை, அவரிடம் முடிந்தது.

அவருடைய தேதி செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டார். பேச்சுக்கு நடுவே ஒரு சீழ்க்கை கேட்டது. இதை ஸ்ட்ரைடர் (மூச்சுப்பாதை குறுகும்போது வரும் ஒலி) என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

"மூச்சு இழுக்கையில விசிலடிக்குது அண்ணாச்சி. மதுரைக்கு இப்பவே போயிரவா?"

நான் விவரம் தெரிந்தவன் மாதிரி பேசினேன். "இன்னும் நாலு நாள்தானேய்யா? தேதிக்கு முன்னால போய் நின்னா, கோவத்துல கடைசிக்குத் தள்ளிட்டாகன்னா? கெடச்ச எடத்த விட்றாதீரு. பொறுத்துக்கிரும்."

"அதுவுஞ் சரிதான்" என்றார்.

திங்கள்கிழமை காலை எங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது, இன்றே வந்து சேருங்கள் என்றார்கள். செல்வி ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் உடைத்தாள். பஸ்ஸில் இருந்து கருப்பையாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வார்டில் பார்த்துக்கொள்வோம் என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

வார்டில் நர்ஸ் கையிலிருந்த தாளில் அவர் பெயர் அடிக்கப்பட்டு, மேலே என் பெயர் எழுதியிருந்தது. அட்மிஷனை உறுதிசெய்யப் போன் செய்தபோது அவர் வீட்டில் சொன்னார்களாம். சனிக்கிழமை விடிவதற்குள் மூச்சடைத்து இறந்துவிட்டார்.

நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அழக்கூட இல்லை, அழுதால் பிரஷர் ஏறி ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள் என்று பயந்தேன். செவ்வாய்க்கிழமை அவருடைய இடத்தில் படுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் கையில் டேப்லெட் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஒரு பெண் வார்டுக்கு வந்தாள். பதிந்த நாளிலிருந்து சிகிச்சை வரைக்கும் நோயாளிகள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். என்னால் பேச முடியாது, செல்விதான் பதில் சொன்னாள்.

"ஒரு கொறையுமில்லம்மா. தேதிக்கு ஆறு நாள் முன்னாலயே கூப்பிட்டாக."

அந்தப் பெண் நாற்பத்தொன்று என்று பதிந்துகொண்டாள். நான் சிலேட்டை எடுத்து எழுதினேன்: கருப்பையா, திருச்சுழி. அவருக்கு எத்தனை நாள்?

அவள் பொறுமையாகத் தேடினாள். "ஆபரேஷன் ஆனவங்க மட்டும்தான் சார் இந்த லிஸ்ட்ல வருவாங்க."

எடைமேடையில் ஒரு லாரியை இரண்டு முறை நிறுத்த வேண்டும். பாரத்தோடு ஒன்று, இறக்கிய பின் ஒன்று. கழித்து வருவதுதான் சீட்டில் ஏறும். முதல் எடை போட்ட லாரி திரும்பி வராவிட்டால் சீட்டு கிடையாது, மாதக் கணக்கில் அந்த லாரியே கிடையாது. பதினெட்டு வருடமாக அப்படிக் கணக்கு முடித்தவன் நான். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயுமில்லை, யோக்கியதையும் இல்லை.

அவள் போனபின் செல்வியை முறைத்தேன். "கழுத்த அறுத்துத் தச்ச டாக்டரு எதுத்தாப்புல நிக்கிறாக. நாளைக்குத் தையலு பிரிக்கணும். அவுககிட்டயா கொறை சொல்லச் சொல்றீக?" என்றாள். இதே பயத்தைத்தான் நானும் கருப்பையாவுக்குக் கொடுத்தேன்.

இந்த நோயோடு தேதிக்காகக் காத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். மூச்சில் சீழ்க்கை கேட்டால் தேதியைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அதன் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ட்ரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயில் துளையிட்டு வழி உண்டாக்குவது) செய்தால் பிழைக்கலாம். அதற்காக உங்கள் இடம் போய்விடாது என்று டாக்டரே பிறகு எனக்குச் சொன்னார். அவரைக் கேட்காமல் நான் கருப்பையாவை நாலு நாள் பொறுக்கச் சொன்னேன், ஓர் இரவுகூடத் தாங்கவில்லை.

நாலு மாதம் ஆகிறது. மறுபடி எடைமேடைக்கு வருகிறேன். டிரைவர்களை மணியடித்து நிறுத்துகிறேன். சிலேட்டில் எழுதி முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை என்பதால் வாசனை தெரிவதில்லை. கரி லாரி வந்து நின்றால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் கருப்பையாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள்.

"அண்ணே, ஒங்களால பேச ஏலாதுன்னு தெரியும். சும்மா கேளுங்க. அந்த வெள்ளிக்கெழம சாயங்காலமே நான் ஆட்டோவக் கூப்பிட்டுட்டேன். அவுகதான் வேணாம்னாக. அண்ணாச்சி சொல்லிட்டாக, எடத்த விட்டுறக் கூடாதுன்னாக. ஒங்களுக்காச்சும் எடம் கெடச்சுதுல்ல."

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் நிஜமாகவே ஓர் ஆறுதல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிலேட்டு பக்கத்திலேயே இருந்தது, போனில் அது எதற்கு ஆகும்? கழுத்துத் துணியை விலக்கி, துளைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன்.

மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

"மூச்சு வருதுண்ணே" என்றாள். "விசிலில்லாம வருது."

அவளாக வைக்கும்வரை நான் போனைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.