நாற்பத்தோராம் பக்கத்து எச்சரிக்கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் புராணம் அக்கா என்று பெயர். மருத்துவமனை ரத்த வங்கிகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்து விற்கிறோம். அதைக் கணினியில் நிறுவுவது எப்படி என்று படிப்படியாக எழுதுவது அக்காவின் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே கழுத்துவலி. பக்கத்து நாற்காலியில் நான். வாடிக்கையாளர்களின் தொலைபேசியை எடுத்துத் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

அக்கா கடைசியாக எழுதிய கையேடு அறுபத்திரண்டு பக்கம். மவுஸை வலது கையால் பிடிக்க ஒரு படம் போட்டிருந்தார். இடக்கைக்காரன் என்ன செய்வான் என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் அதற்கும் ஒரு படம் முளைத்தது. பத்துப் பக்கத்தில் முடிக்கக் கூடாதா என்று முதலாளி கேட்டால் போதும், அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். முதல் வேலையில் அக்காவிடம் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்களாம். விட்டுப்போன ஒரு வரியைக் கேட்க ஓர் அதிகாரியின் அறை வாசலில் அரை நாள் நின்றாராம். "என் கையேட்டைப் படிக்கிறவங்க யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுடா" என்பார். நியாயம்தான் என்று நானும் வாயை மூடிக்கொள்வேன்.

அன்று காலை பத்தரைக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ரத்த வங்கி டெக்னீஷியன்.

"சார், புதுசை நிறுவினேன். பழைய பதிவு எல்லாம் காலி. ஆபரேஷனுக்கு ஒரு அம்மாவைக் கொண்டு வந்திருக்காங்க. எந்த ரத்தம் ஏத்தினா அவங்களுக்கு ஒத்துக்காதுன்னு பழைய பதிவுலதான் இருக்கு. மறுபடி சோதிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவங்க தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் கத்துறாரு."

ஸ்பீக்கரைப் போட்டேன். அக்கா பாய்ந்து வந்தார்.

"பழைய பதிவுகளை அழிக்கவான்னு கேட்டிருக்குமே, என்ன அழுத்தினீங்க?"

"ஆம்னு."

"நாற்பத்தொண்ணாம் பக்கத்துல சிவப்பு எழுத்துல போட்டிருக்கேனே சார், இல்லைன்னுதான் அழுத்தணும்னு!"

"அதுக்கு முன்னாடி முப்பது தடவை ஆம்தான் மேடம் அழுத்தினேன். கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

பக்கக் கணக்குப் பேசும் நேரமா இது என்று அக்காவின் மேல் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கினார்.

"ஒன்பதாவது படி செஞ்சீங்களா? பென் டிரைவ்ல நகல் எடுக்கச் சொல்லியிருந்தேன்."

"செஞ்சேன். ஒன்பது வரைக்கும் ஒண்ணு விடாம செஞ்சேன். மேஜை டிராயர்ல இருக்கு."

அக்காவுக்கு மூச்சு வந்தது. அதைச் செருகச் சொன்னார். எதை அழுத்த வேண்டும் என்று நாலே வாக்கியத்தில் சொன்னார். மீட்கும் வேலை தொடங்கியது. பதினெட்டு விழுக்காடு, இருபத்தாறு என்று டெக்னீஷியன் படித்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். எழுபத்தொன்றில் நின்றது. இரண்டு நிமிடம் அசையவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. பிறகு மளமளவென்று ஏறி முடிந்தது. அந்த அம்மாவின் பதிவு வந்துவிட்டது. "ரத்தப் பையோட ஓடுறேன் மேடம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார் டெக்னீஷியன்.

இருபது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். ரத்தம் ஏறுகிறது, ஆபத்தில்லை என்றார். நன்றி சொன்னார். அக்காவால் விட முடியவில்லை.

"கோபப்படாம சொல்லுங்க சார். ஒன்பது வரைக்கும் அவ்வளவு ஒழுங்கா செஞ்சீங்க. அப்புறம் ஏன் படிக்கல?"

அவர் தயங்கினார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன் மேடம். பத்தாவது படியில, 'பென் டிரைவைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்து மீண்டும் நாற்காலியில் அமரவும்'னு போட்டிருந்தீங்க. நேத்து சேர்ந்த பொண்ணுங்க எல்லாம் என் பின்னாடி நின்னு அதைச் சத்தமாப் படிச்சுச் சிரிச்சாங்க. மூடி வச்சுட்டேன்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார். கையேட்டுக்காக அக்கா ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.