மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கத் திரையில்

கல்யாண மண்டபத்துக்குத் திரை மாட்டுகிற தொழிலில் ஒயர், ஆணி, கம்ப்யூட்டர் எல்லாம் சொன்னபடி கேட்கும்; பழி மட்டும் யாரையும் கேட்காமல் நேராக நம்மிடம் வரும். தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளையின் அப்பாவைப் பெண்ணைப் பெற்றவராக்கி ஊர் நடுவே அவமானப்படுத்தினேன் என்று என்மேல் ஒரு குற்றச்சாட்டு. அநியாயம். மெயின் சுவிட்சை அணைத்தவர் ஒருவர், மாட்டிக்கொண்டவள் நான். இதே வேலையில் கிடந்து அல்லாடுகிறவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் கணினி முதுகலை படித்துக்கொண்டே இந்த வேலையும் செய்கிறேன். அந்த மண்டபத்து வாசலில் மூன்று பெரிய திரைகள். இடது பக்கச் சுவரில் 'பெண் வீட்டார்', வலது பக்கம் 'மாப்பிள்ளை வீட்டார்' என்று பித்தளை எழுத்து முன்பே பதித்திருந்தது. அதனதன் கீழே அந்தந்த வீட்டாரின் படங்கள் ஓட வேண்டும், நடுவில் ஜோடி. எல்லாவற்றையும் இயக்குவது லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்ட ஒரே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. "இந்த சீசன் தகராறு இல்லாம ஓடிச்சின்னா பாகூர் மண்டபமும் உனக்குத்தான். இல்லன்னா பழையபடி ஃப்ளெக்ஸ்" என்றார் மண்டப முதலாளி ஞானப்பிரகாசம்.

சும்மா கிடைத்தது

லினக்ஸுக்குக் காசு கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. யார் எழுதினது, ஏன் இலவசம், நாளைக்கு வந்து கேட்டால் யார் பொறுப்பு என்று முதலாளி குடைந்தார். உலகம் முழுக்க உள்ளவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என ஒரு வகுப்பே எடுத்தேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மொய்ய எழுதி வெச்சி திருப்பிக் கேக்கற ஊரு பாப்பா இது. இவன் மட்டும் சும்மா குடுத்துட்டுப் போயிடுவானா?"

நெற்றியில் பொட்டு

வழி சொல்வதற்காக வாசலோரம் ஒரு தொடுதிரையும் வைத்திருந்தேன். சாப்பாடு, அறைகள், பாத்ரூம் — எதன்மேல் விரல் வைக்கிறோமோ அதற்கு வழி காட்டும். மேனேஜர் முருகையனோ புதிதாக வந்த எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். ஈரச் சந்தனத்தை எடுத்துத் திரையின் உச்சியில் அப்பினார். அங்கேதான் 'சாப்பாடு' பொத்தான். சந்தனத்தை விரலென்று நம்பிய திரை, யார் எதைக் கேட்டாலும் பந்திக்கே அனுப்பியது. பாத்ரூம் தேடிய ஒரு பெரியவர் இரண்டு தடவை இலை முன்னால் போய் நின்றார்.

பொட்டை ஓரச் சட்டத்தில் வையுங்கள், பின்பக்கம் வையுங்கள் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் பொத்தானைக் கீழே இறக்கியவள் நான்தான். ஏனென்றால், கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவர் கேட்டது இதுதான்: "நெத்தியில வெக்காம முதுகுலயாம்மா வெப்பாங்க?"

மெயின்

முருகையனுக்கு இன்னொரு பழக்கம். கல்யாணம் முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மறுபடி போடும்போது எந்தத் திரை முதலில் விழிக்கிறதோ, அதையே முதல் திரை என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். தினமும் இடது பக்கத் திரைதான் முதலில் விழித்தது. சோரியாங்குப்பத்து மாப்பிள்ளையின் கல்யாணத்தன்று வலது முந்திக்கொண்டது. 'பெண் வீட்டார்' என்ற எழுத்துக்குக் கீழே மாப்பிள்ளையின் அப்பா மீசையும் தோள்துண்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். 'மாப்பிள்ளை வீட்டார்' என்ற எழுத்துக்குக் கீழே பெண்ணின் அம்மா.

போன் வந்து நான் ஸ்கூட்டியில் போய்ச் சேர்வதற்குள் விஷயம் முற்றிவிட்டது. படம் மாறியது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முதலில் தெரியவே தெரியாது. திரையைப் பார்த்துவிட்டு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்ன பிறகுதான் தெரிந்ததாம்: "கவலப்படாதீங்க, நம்ம பொண்ணு போற எடத்துல நல்லா இருக்கும்."

பஞ்சாயத்து

ஒவ்வொரு திரைக்குள்ளும் அதற்கென்று ஒரு எண் உண்டு. விழிக்கிற வரிசையைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்று பெட்டிக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதிவைத்தேன். முருகையன் கையாலேயே திரைகளின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடச் சொன்னேன். படங்கள் இடம் மாறவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவும் அடங்கவில்லை.

"மொதல்ல இத கழட்டுங்க. என்னப் போயி பொண்ணு வூட்டுக்காரனாக்கிட்டாங்க!"

"பொண்ண பெத்தவர்னு சொன்னா அதுல இன்னா சார் கேவலம்?" என்று ஆரம்பித்தேன். முதலாளி கண்ணாலேயே என்னை அடக்கினார். பாகூர் கைவிட்டுப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. முதலாளி பெண்ணின் அம்மாவிடம் திரும்பி, "நீங்க இன்னாம்மா சொல்றீங்க, கழட்டிடலாமா?" என்றார்.

அந்த அம்மா காலி டம்ளரைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"எதுக்குங்க கழட்டணும்? காப்பி கொண்டாந்தவங்க படத்தப் பாத்துட்டு எங்களத்தான் மாப்ள வூடுன்னு நெனச்சி மொதல்ல எங்களுக்குக் குடுத்தாங்க. சூடா இருந்திச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள இன்னா அவசரம்னு மாத்தின பாப்பா? டிபனும் வந்திருக்குமில்ல?"

மாப்பிள்ளையின் அப்பாவே சிரித்துவிட்டதால் பாகூர் மண்டபமும் எனக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் கல்யாணத்தில் தவறிப்போய் நடந்த ஒரே நியாயத்தைச் சரிசெய்துவிட்டவள் என்ற பழியை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.