சோழபுரத்து அடுப்பு ஜாம்பியா போகிறது

மூன்று வாரத்துக்கு முன் எனக்கு ஒரு ஏர்மெயில் வந்தது. ஜாம்பியாவிலிருந்து!

எழுதியவர் யூசுப் சார். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் தொழிற்பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர். ஆறு மாதமாக அங்கே ஒரு கிராமத்துத் தொழிற்பள்ளியில் இருக்கிறார். நான் இங்கே டிராயிங் டீச்சர். ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில், மாரியம்மாள் வீட்டில் அவரும் நானும் கட்டிய புகையில்லா அடுப்பை அவர் மறக்கவில்லை.

'அந்த டிராயிங்கை அனுப்பும்மா. இங்க பொம்பளைங்க கண்ணெல்லாம் புகையில செவந்து கெடக்கு. பசங்களை வச்சுக் கட்டிக் கொடுக்கப் போறேன். ஒரு தடவைதான் சமையக்கட்டுக்குள்ள விடுவாங்க. சொதப்பினா பள்ளிக்கூடத்தையே நம்ப மாட்டாங்க.'

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுத்தமாக வரைந்தேன். பானை அகலம், புகைக்குழாய் உயரம், அடுப்பு வாய் ஆறு அங்குலம்... எல்லாம் பட்டியலாக. சனிக்கிழமை தபாலில் சேர்த்தேன்.

ஒரு போட்டோவும் அனுப்பலாமே? ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு சோழபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

மாரியம்மாளுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அன்று லீவு. சமையல் நடந்துகொண்டிருந்தது. குழாய் கூரைக்கு மேல் ஜம்மென்று நிற்கிறது. புகை? வீடு முழுக்க! அடுப்பு வாயை இரண்டு பங்கு அகலத்துக்கு இடித்து வைத்திருந்தாள்.

"ஏன் இப்படி உடைச்சீங்க?"

"பின்ன, பருத்திமாரை எங்கிட்டு வைக்கச் சொல்லுதீக?"

பருத்திமார் என்பது பருத்தி எடுத்தபின் வயலில் பிடுங்கும் காய்ந்த செடி. பக்கக் கிளைகளோடு ஆளுயரம் இருக்கும். இங்கே பாதி வீடுகளுக்கு அதுதான் விறகு. ஆறு அங்குல வாய்க்குள் எப்படிப் போகும்?

"ஒடிச்சு ஒடிச்சு வச்சுப் பாத்தேன் டீச்சர். கையெல்லாம் கீறல். மில்லுக்குப் போற அவசரத்துல எம்புட்டுதான் ஒடிக்க?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே..."

"கேட்டீகளா? செவுத்த அளந்தீக, பானைய அளந்தீக, என் ஒசரத்தக்கூட அளந்தீக. வெறக அளந்தீகளா?"

இல்லை. அடுப்புத் திறப்பு விழா அன்று எரித்தது நாங்களே ராஜபாளையம் விறகுக்கடையில் வாங்கிப்போன கட்டை. பிளந்து, ஒரே அளவில் அடுக்கியது. அழகாக எரிந்தது. கை தட்டினார்கள். யூசுப் சார் நினைவில் இருப்பது அந்த அடுப்புதான்!

அந்த டிராயிங் இப்போது கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஆறு அங்குல வாய்க்கு மண் குழைத்துவிட்டால்?

திங்கட்கிழமை தந்தி ஆபீஸ் திறக்குமுன் வாசலில் நின்றேன். 'கட்ட வேண்டாம். கடிதம் வருகிறது' என்று தந்தி. பின்னாலேயே கடிதம். அதில் டிராயிங் இல்லை. ஒரே ஒரு கேள்வி — அங்கே பெண்கள் எதை எரிக்கிறார்கள்? சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள் சார்.

மறு ஞாயிறு நானும் அதைத்தான் செய்தேன். மாரியம்மாள் சமைத்து முடிக்கும்வரை நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பட்டியல் போடுகிறவளுக்கு அது பெரிய தண்டனை. பார்த்த பிறகு தோன்றிய வழி: அகலமான வாய், திறப்பைக் கூட்டிக் குறைக்க அதற்கு முன்னால் ஏற்றி இறக்கும் ஒரு இரும்புத் தகடு. எங்கள் பள்ளி மாணவர்கள் செய்து மாட்டினார்கள். புகை பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜாம்பியாவிலிருந்து பதில் இல்லை. தந்தி போய்ச் சேர்ந்ததா? பள்ளி வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே தபால்காரரோ என்று எழுந்து நிற்கிறேன். பத்து தடவையில் ஒன்பது தடவை அது பால்காரர்.

நேற்று தகட்டைச் சரிபார்க்கப் போனபோது மாரியம்மாள் கேட்டாள்:

"அவிய ஊர்ல என்னத்த எரிக்காக டீச்சர்?"

"தெரியலை. கேட்டு எழுதியிருக்கேன்."

"இப்பவாச்சும் கேட்டீகளே!"