மூன்றாவது ஓலை

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் எழுந்து சொல்லி நான் பார்த்ததில்லை. ஓலை வாசித்த பிறகு அங்கே இரண்டு கல்யாணம்தான் நின்றிருக்கிறது. இரண்டும் என் கல்யாணம்.

முதல் தடவை நான் சின்னப் பெண். பூண்டி ஊருக்கு மேலே எங்கள் காட்டை ஒட்டி மாப்பிள்ளை வீட்டுக் காடு. இரண்டு பக்கமும் பூண்டுதான். காட்டுமாடு இறங்கினால் அந்தப் பக்கம் அவர் தகரம் தட்டுவார், இந்தப் பக்கம் நான் தட்டுவேன். அப்படித்தான் பழக்கம். பேச்சு அதிகம் கிடையாது. அவரே வீட்டில் சொல்லி, பரிசம் போட்டு, ஒரு சிவப்புப் பட்டும் கொடுத்தார்கள்.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு பூ வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் வேறு ஒரு ஜோடிக்கு வாசித்தார். தாளை மடித்தார். என் பேர் வரவில்லை. பெண்கள் பக்கம் இருந்த தலை எல்லாம் என் பக்கம் திரும்பியது.

வத்தலக்குண்டில் கடையோடு ஒரு பெண் கிடைத்து, அவர் முந்தின நாளே மலை இறங்கிவிட்டார். உபதேசியாருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை.

ஓலை வாசித்து நின்ற பெண்ணை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். சரி, அது என்னோடு போயிருக்கலாம். அந்த வீடுதானே என்று என் தங்கச்சியையும் யாரும் கேட்கவில்லை. அம்மா அப்பா போன பிறகு இரண்டு பேரும்தான் காட்டைப் பார்க்கிறோம்.

பன்றி வராமல் இருக்க எங்கள் பக்கம் வேலியில் பழைய சேலை கட்டுவார்கள். காற்றில் அசைந்தால் ஆள் என்று ஒதுங்கும். பழைய சேலை தீர்ந்துபோன ஒரு வருஷம் சிவப்புப் பட்டையும் கட்டினேன். மழையிலும் பனியிலும் வெளுத்து, இப்போது அதற்கு ஒரு நிறம் சொல்ல முடியாது.

போன வருஷம் அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. பெண்டாட்டி இறந்துவிட்டாள், பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று சேலையைத் தொட்டுப் பார்த்தார். எந்தச் சேலை என்று அவருக்குத் தெரியவில்லை.

“இதக் கட்டுனா பன்னி வராதா?”

“பன்னி வராது. ஆளுதான் வருது” என்றாள் தங்கச்சி.

அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பழச மனசுல வச்சுக்காத புள்ள. இந்த வயசுல ஒரு தொண வேணும்ல.”

சொல்லும்போது கண் தார்ரோட்டுக்குப் போய் வந்தது. ரோடு இப்போது எங்கள் காட்டு ஓரமாகத்தான் போகிறது. அந்த ரோட்டில் காட்டேஜ் கட்டாத இடம் குறைவு.

அவர் போன பிறகு தங்கச்சி சொன்னாள். “உன்னையக் கேட்டு வரலக்கா. காட்டக் கேட்டு வந்திருக்காரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அவருகிட்ட யோசிக்கிறேன்னு சொன்ன?”

“ஓலை வாசிக்கட்டும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்த மாதிரி அவர் அந்தக் கோயிலில் உட்கார வேண்டும். தலை எல்லாம் அவர் பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மூன்றாவது ஞாயிறு வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு ஓலை வாசித்தார்கள். அடுத்த வாரம்தான் கஷ்டம். அவர் தினமும் வெள்ளனே வந்து எங்களோடு பூண்டு பிடுங்கினார். ஒரு சாயங்காலம் மூடுபனியில் காட்டுமாடு இறங்கியது. அவர் தகரத்தை எடுத்துத் தட்டினார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு அடி. சின்ன வயதில் தட்டிய அதே அடி. என் கை தானாகத் தகரத்தைத் தேடியது. எடுத்துத் தட்டியும் விட்டேன். அன்றைக்கே கல்யாணம் என்றிருந்தால் அவரைக் கட்டியிருப்பேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது அவரே பேசினார். “மேல்பக்கம் நாலு ரூம் போடலாம். இனி பூண்டெல்லாம் எதுக்கு?”

“இவ எங்க இருப்பா?” என்று தங்கச்சியைக் காட்டிக் கேட்டேன்.

“அவளுக்கென்ன, கன்னியாஸ்திரி மடத்துல சொன்னா சமையலுக்குச் சேத்துக்குவாங்க.”

தங்கச்சி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

மூன்றாவது ஞாயிறு அவர் கீழேயிருந்து சொந்தக்காரர்களை வேனில் கூட்டி வந்தார். முன்னால் உட்கார்ந்தார். எனக்குப் பச்சைப் பட்டு எடுத்திருந்தார்கள். நான் கட்டவில்லை. இப்போது உபதேசியார் பழைய உபதேசியாரின் மகன். வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். தாளை மடித்துக்கொண்டே சொன்னார்.

நான் எழுந்தேன். “தடை இருக்குங்க.”

உபதேசியார் தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தார். “ஒங்க ஓலைக்கா?”

“ஆமா. எனக்குச் சம்மதம் இல்ல. போன தடவ அவங்க சொல்லாமப் போனாங்க. நான் சொல்லிட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலை எல்லாம் அவர் பக்கம் திரும்பியது. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. நான் உடனே உட்காரவில்லை. பார்த்தேன்.

பூசை முடிந்து பங்குச் சாமியார் கூப்பிட்டார். “மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காருல்லம்மா?”

“சொல்லியிருக்காரு சாமி. நான் இன்னும் அந்த எடத்துக்கு வரல.”

மேலே ஏறும்போது தங்கச்சி கேட்டாள். “மனசுல இதையா வச்சிருந்த? ஒரு வாரம் பூண்டு புடுங்க விட்டியே.”

“நல்லாத்தான் புடுங்குனாரு.”

அவள் நடையை நிறுத்திச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

சில நாள் கழித்து அவர் பச்சைப் பட்டைக் கேட்டு வேன்காரரை அனுப்பினார். வேலியில் கிடக்கிறது, வந்து அவரையே அவிழ்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். வரவில்லை. ரோட்டுப் பக்கம்தான் கட்டியிருக்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.