அடுகோடிக்கு ஆறு கிளிப்புகளுடன்

1998 ஆகஸ்ட், காலை ஆறரை மணி. பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் தூறலில் இறங்கினேன். கையில் ஒரு டப்பா. அதற்குள் நிக்கலும் டைட்டானியமும் கலந்து செய்த ஆறு கிளிப்புகள். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிப்பவை. குளிரில் கால்களை விரித்துப் பொருத்தினால், உடம்புச் சூட்டில் பழைய வளைவு நினைவுக்கு வந்து தாமாகவே மூடிக்கொள்ளும். நிக்கல் உடம்புக்குள் கசியாமலிருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு தடவை பூசினோம். விரித்ததும் இரண்டு தடவையும் உரிந்துவிட்டது. இந்த முறையும் உரிந்தால் கிளிப்பைப் பொருத்தவேண்டிய எங்கள் எலும்பு டாக்டர் பழைய எஃகுக் கம்பிக்கே திரும்பிவிடுவார். என் மூன்று வருட வேலை அதோடு சரி.

பூச்சுப் பட்டறை இருந்த அடுகோடிக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முப்பத்திரண்டு ரூபாய்.

“டப்பால இன்னா மேடம், ஸ்வீட்டா?” என்றார் ஆட்டோக்காரர்.

“எலும்புல மாட்டுற கிளிப்.”

அவர் டப்பாவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

எட்டு மணி. பட்டறைக்காரர் சேகர், துளையிடும் கருவிகளுக்குத் தங்க நிறப் பூச்சுப் போடுகிறவர். டப்பாவை அவரிடம் கொடுத்து, அதிகச் சூடு ஏறினால் கிளிப்புக்கு நினைவே போய்விடும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். வளைவுதான் அதன் உருவம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினால், சேகர் பேயறைந்தவர்போல் நிற்கிறார்.

“வழில நசுங்கி வளைஞ்சிருக்குன்னு நெனச்சு, ஆறையும் நேர் பண்ணித்தான் மேடம் பூச்சுப் பொட்டிக்குள்ள மாட்டினேன். நம்ம பட்டறைல கோணல் பீஸ் உள்ள போவாது. கதவத் தொறந்தா ஆறும் வளைஞ்சி நிக்குது. பேஜாராயிடுச்சு. ஒண்ண மட்டும் மறுபடி பிளையர்ல நேர் பண்ணி வெச்சேன்.”

முதலில் சிரித்தேன். பூச்சு விழத் தொடங்குமுன்பே பெட்டிச் சூட்டில் அவை மடங்கியிருக்கும். கடைசி வாக்கியம் உறைத்ததும் சிரிப்பு நின்றது. பூசிய பிறகு பிளையரா? எந்த டாக்டரும் அவ்வளவு இழுக்கமாட்டார்.

அந்த நேரான கிளிப்பை அவர் உள்ளங்கையிலேயே வைத்து மூடச் சொன்னேன். அரை நிமிடம் போயிருக்கும்.

“மேடம், அசையுது. உயிரு கீதா இதுக்கு?”

கையைத் திறந்தார். இரண்டு கால்களும் உள்பக்கம் மடங்கியிருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தேன். திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தேன். வளைவில் ஓரிடத்திலும் பொன்னிறம் விட்டுப்போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேகர் பயந்துபோய் டீ வாங்கிவந்தார்.

“அப்ப நான் நேர் பண்ணது தப்பில்லையா?”

“தப்புதான். இன்னொரு தடவை பண்ணுங்க.”

இரண்டாம் முறையும் உரியவில்லை.

மாலை வண்டியில் திரும்பினேன். எங்கள் ஆய்வுக்கூடமாக இருந்தால், விரிக்கப் பயந்துகொண்டு இன்னும் ஒரு மாதம் அவற்றை லென்ஸிலேயே பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டருக்கான அறிக்கையை ரயிலிலேயே எழுதினேன்: பூசிய கிளிப் இருமுறை முழுவதும் நேராக்கப்பட்டது, பூச்சு நின்றது. சோதித்தவர் என்ற இடத்தில் சேகர் பெயரைப் போட்டேன்.