படுத்திருந்தவர் கண்ணுக்கு எட்டும்படி மாட்டிய செடிகள்

கங்காதர நெல்லூர் பக்கத்துத் தோப்பில் மாங்காய் பறிக்கும்போது என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டுமே என்று திருப்பதியில், அலிபிரி பக்கம், மாடியில் ஒற்றை அறைக்குக் குடிவந்தோம்.

மல்லாந்தே கிடந்தார். மின்விசிறியும் ஜன்னலின் மேல்பாதியும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் மாதம் சோற்றைத் தள்ள ஆரம்பித்தார்.

"ரெண்டு வாய் துன்னுய்யா," என்று கெஞ்சினேன்.

"இன்னாத்துக்குடி? நான் செத்தவன். உட்டுடு என்னை."

காலமெல்லாம் மண்ணில் உழைத்த மனுஷன், பச்சை கண்ணில் பட்டாலாவது மனம் மாறுமோ என்று தோன்றியது. எண்ணெய் கேன்களைப் பாதியாக அறுத்து, ஆணியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு, கம்பி கட்டி ஜன்னல் கிரில்லின் உச்சியில் மாட்டினேன். இரண்டில் தக்காளி, இரண்டில் மிளகாய், ஒன்றில் கனகாம்பரம். செம்மண்ணைப் பையில் சுமந்து மாடி ஏறினேன். செடிகள் முளைத்து வளர்ந்தன. அவர் வெறுமனே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருநாள் மேலே வந்தார்.

"நீள்ளு பூரா காயப்போட்ட துணி மேல ஒழுகுது. எல்லாத்தயும் தீசெய்யம்மா."

தண்ணீர் சொட்டுகிறது, கேன்களை எடுத்துவிடு என்று தெலுங்கு கலந்து சொன்னார். காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேனுக்கும் அடியில் தட்டுக் கட்டினேன்.

பிறகு சித்திரை வெயில் வந்தது. இருப்பதோ மேற்கு ஜன்னல் ஒன்றுதான். பிற்பகலில் கேனைத் தொட்டால் கை சுட்டது. எத்தனை முறை ஊற்றினாலும் தக்காளிப் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. ஒருநாள் ஐந்தும் துவண்டு தொங்கின. ஸ்டூல் மேல் நின்றபடியே அழுதேன். கைக்குக் கிடைத்த மிளகாய்க் கேனைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். மண் அறையெல்லாம் சிதறியது.

"வேர் வேவுது," என்றார் அவர். பல நாளுக்குப் பிறகு அவராகப் பேசிய பேச்சு அது. "தண்ணி மட்டும் ஊத்திக்கினு இருந்தா இன்னா ஆவும்? கோணிய நனைச்சி கேனைச் சுத்திக் கட்டணும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"என்னோட அதுங்களும் போவட்டும்னு பாத்துக்கினு இருந்தேன்."

மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, கோணியைக் கிழித்து நனைத்து நான்கு கேனுக்கும் சுற்றினேன். தக்காளி பிழைக்கவில்லை. மிளகாயும் கனகாம்பரமும் நின்றன.

இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில நாள் நாலு வாய் சாப்பிடுகிறார். கோணி காய்ந்திருந்தால் சொல்கிறார். சில நாள் உதட்டையே திறப்பதில்லை. அந்த நாட்களில் எந்தச் செடியும் எனக்குக் கைகொடுப்பதில்லை. சோறு ஆறிப்போகும்வரை தட்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.